மேனேஜர் டார்ச்சரை சமாளிக்கறது எப்படி: எனக்குக் கை கொடுத்த ஒரு நோட்டு

ராத்திரி பத்தே முக்காலுக்கு மேனேஜர்கிட்ட இருந்து "இருக்கியா?"ன்னு ஒரே ஒரு மெசேஜ் வரும். வேற எதுவும் இருக்காது. நான் அப்பதான் தட்டுல சோறு போட்டு ரசம் ஊத்தியிருப்பேன், போனைப் பாத்ததும் கை அப்படியே நின்னுடும், "இருக்கேன் சார்"னு அனுப்பிட்டு காத்துக்கிட்டிருப்பேன், பதிலே வராது, காலைல போய்க் கேட்டா "ஒண்ணுமில்ல, அப்பவே சரியாயிடுச்சு"ம்பாரு. ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல அந்த வாரம் பண்ணின வேலை மொத்தத்தையும் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்து எங்க தப்பு விட்டேனோன்னு தேடி முடிச்சிருப்பேன். ரசம் ஆறிப்போயிருக்கும்.

சென்னை ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கம்பெனி, சப்போர்ட் ப்ராஜெக்ட், அதாவது கிளையன்ட் சொல்ற பிரச்சனைகளைச் சரி பண்ற வேலை. அங்க அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தேன், அதுல கடைசி ஒண்ணரை வருஷம் இவர்கிட்ட. நல்ல வேலைக்காரர்தான், அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன், ஆனா ஃப்ளோர்ல இருபது பேர் முன்னாடி "உனக்கெல்லாம் யாரு இன்டர்வியூ எடுத்தாங்க"ன்னு கேக்கற ஆளு. அந்த ஒண்ணரை வருஷத்துல எனக்கு எது உதவுச்சு, எது உதவல, எதை முன்னாடியே பண்ணியிருக்கணும்னு இப்ப அதே மாதிரி மாட்டிக்கிட்டு இருக்கறவங்களுக்காக எழுதறேன். எதைச் சொன்னாலும் கடைசில ஒரே விஷயத்துலதான் வந்து நிக்குது, வாயால வர்றதையெல்லாம் எழுத்துக்குக் கொண்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாத்துக்கோங்க. கஷ்டமான மேனேஜர்னு சொல்றோமே, அதுல எல்லாரும் ஒண்ணு கிடையாது. சிலர் மேல இருந்து வர்ற பிரஷரை அப்படியே கீழ இறக்கறவங்க, கிளையன்ட் கத்துனா இவங்க நம்மகிட்ட கத்துவாங்க, பிரஷர் இல்லாத வாரத்துல நல்லாவே பேசுவாங்க. சிலருக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது, ஒரு மெயில் அனுப்பறதுக்குக்கூட அவங்க பாத்து கமா மாத்தணும். இந்த ரெண்டு பேரையும் ஓரளவு சமாளிக்கலாம். மூணாவது ரகம் ஒருத்தரைக் குறி வெச்சு அசிங்கப்படுத்தறவங்க, அவங்க விஷயத்துல பொறுமையா இருந்து பாக்கறதுக்கு ஒரு எல்லை வெச்சுக்கிட்டே ஆகணும். நம்ம ஆளு எந்த ரகம்னு கோவத்துல இருக்கும்போது தெரியாது, அழுதுட்டு இருக்கும்போதும் தெரியாது. அதுக்குத்தான் நோட்டு.

எங்க டீம்ல ஒரு சீனியர் அண்ணா இருந்தாரு. ஒரு நாள் நான் மீட்டிங் முடிஞ்சு கண்ணெல்லாம் சிவந்து வெளிய டீக்கடைல நின்னுட்டு இருந்தப்போ, ஆறுதல் எல்லாம் சொல்லல, "இன்னிக்கு அவரு என்ன சொன்னாரு, வார்த்தைக்கு வார்த்தை சொல்லும்மா"ன்னு கேட்டாரு. எனக்கு சொல்லத் தெரியல. கத்தினாரு, எல்லாரும் பாத்தாங்க, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு, என்ன வேலையைப் பத்தி கத்தினாருன்னே ஞாபகம் இல்ல. "அப்ப நீ வேலையைக் கேக்கல, சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்க. ஒரு நோட்டு வாங்கு"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஸ்டாப் பக்கத்துல இருந்த கடைல ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன்.

எப்படி எழுதறதுன்னு சொல்றேன். பக்கத்தை நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சுக்கோங்க. இடது பக்கம் தேதி, மணி, யார் யார் இருந்தாங்க, அவர் சொன்ன வார்த்தை அப்படியே. வலது பக்கம் அதுல நமக்கு வேலைன்னு என்ன இருக்கு, அது மட்டும். உதாரணத்துக்கு என் நோட்டுல ஒரு பக்கம் இப்படி இருந்துச்சு (டிக்கெட்னா கிளையன்ட் பதிஞ்சு அனுப்பற ஒரு பிரச்சனை). இடது பக்கம்: "வியாழன், 11.20, ஸ்டேட்டஸ் மீட்டிங், நாங்க ஆறு பேர். 'ரெண்டு வருஷமா இதே டிக்கெட்டைத்தான் பாக்கற, இன்னும் உனக்கு ஏபிசிடி சொல்லித் தரணுமா' ன்னாரு." வலது பக்கம்: "பழைய டிக்கெட் மூணு இன்னும் மூடாம இருக்கு, அதுக்குக் காரணம் என்னன்னு கிளையன்ட்டுக்குச் சொல்லணும்." அவ்வளவுதான். இடது பக்கத்தைப் படிச்சா இன்னிக்கும் எனக்கு உடம்பு கூசும், ஆனா வலது பக்கத்துல இருந்தது அரை மணி நேர வேலை.

இதை மூணு வாரம் விடாம எழுதினேன். எழுதி முடிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து முதல்ல இருந்து படிச்சப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அவர் பெரிசா கத்தின நாள் எல்லாமே வியாழக்கிழமை, அதுவும் மத்தியானத்துக்கு முன்னாடி. வியாழன் சாயங்காலம் அவருக்குக் கிளையன்ட்டோட வாராந்தர கால். அந்தக் கால்ல அவர்கிட்ட நம்பர் கேப்பாங்க, கைல நம்பர் இருக்காது, அந்த பயத்தை எங்க மேல இறக்கிட்டு இருந்தாரு. அடுத்த வாரத்துல இருந்து புதன்கிழமை அஞ்சு மணிக்கே, அவர் கேக்கறதுக்கு முன்னாடியே, எத்தனை டிக்கெட் வந்துச்சு, எத்தனை முடிஞ்சுது, எது ஏன் நிக்குதுன்னு அஞ்சே வரில ஒரு மெயில் போட ஆரம்பிச்சேன். கத்தறது நின்னுடுச்சான்னு கேட்டா நிக்கல, ஆனா பாதிக்கு மேல கொறைஞ்சுது, அந்த மாசம்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் புதன் ராத்திரி தூங்கினேன். நோட்டு இல்லாம இருந்திருந்தா இது எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது, "எப்பப் பாத்தாலும் கத்தறாரு"ன்னுதான் சொல்லிட்டு இருந்திருப்பேன்.

ஒரு எச்சரிக்கை, இந்த நோட்டு உங்க சொந்த நோட்டா இருக்கணும், கையால எழுதறது நல்லது. ஆபீஸ் லேப்டாப்புல வெக்காதீங்க, நாளைக்கு லாகின் கட் ஆச்சுன்னா எல்லாம் போயிடும். ஆபீஸ் மெயிலை மொத்தமா சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணவும் வேண்டாம், அதுல கிளையன்ட் டேட்டா இருந்தா கம்பெனி பாலிசியை மீறினதா ஆகி, தப்பு நம்ம பக்கம் திரும்பிடும்.

அடுத்தது வாய்ப்பேச்சு. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ங்கற டயலாக் எல்லா ஆபீஸ்லயும் இருக்கு. மேனேஜர் உங்க சீட்டுக்கு வந்து நின்னுக்கிட்டு "அதை விடு, இதை முதல்ல முடி"ன்னு சொல்லிட்டுப் போவாரு, ரெண்டு நாள் கழிச்சு "அது ஏன் முடியல"ன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாரு. இதுக்கு ஒரே மருந்து அவர் சொல்லிட்டுப் போன பத்து நிமிஷத்துல ஒரு சின்ன மெயில். "சார், இப்ப பேசினபடி ரிப்போர்ட் வேலையை நிறுத்தி வெச்சுட்டு பில்லிங் பிரச்சனையை எடுத்துக்கறேன். ரிப்போர்ட் வெள்ளிக்குப் பதிலா செவ்வாய் தர்றேன். மாத்தணும்னா சொல்லுங்க." இதுல குத்தலும் இல்ல, கெஞ்சலும் இல்ல, தேதி இருக்கு. பதில் வரலைன்னாலும் பரவால்ல, மெயில் அங்க இருக்கும். ஆரம்பத்துல அவருக்கு இது புடிக்காது, "எதுக்கு எல்லாத்துக்கும் மெயில்"னு கேப்பாரு, "மறந்துடக்கூடாதுன்னுதான் சார்"னு சொல்லிட்டு விடாம போடுங்க.

இதே மாதிரிதான் ஒரே நேரத்துல நாலு வேலை தலைல விழுந்தா. முடியாதுன்னு சொன்னா சண்டை, சரின்னு சொன்னா நாம செத்தோம். "நாலும் என்கிட்ட இருக்கு, இன்னிக்கு ரெண்டுதான் முடியும், எந்த ரெண்டுன்னு நீங்க சொல்லுங்க சார்"னு கேளுங்க. தேர்ந்தெடுக்கற பொறுப்பு அவருக்குப் போயிடும். இதைக் கத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

இப்ப கத்தற அந்த நிமிஷம். அதுதான் உண்மைலயே கஷ்டம், ஏன்னா அப்ப புத்தி வேலை செய்யாது, உடம்புதான் முந்திக்கும். நெஞ்சு வேகமா அடிக்கும், வாய் காயும், காது அடைச்ச மாதிரி இருக்கும். அது உங்க பலவீனம் இல்ல, ஆபத்துன்னு மூளை நெனச்சா எல்லார் உடம்பும் அப்படித்தான் பண்ணும், நாய் துரத்தினாலும் மேனேஜர் துரத்தினாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. அந்த நேரத்துல பதில் சொல்லி ஜெயிக்கப் பாக்காதீங்க, அப்ப வாய்ல இருந்து வர்றது எதுவும் நமக்கு உதவாது. ரெண்டு பாதத்தையும் தரைல நல்லா ஊனி வெச்சுக்கோங்க, மூச்சை நாலு எண்ற வரைக்கும் இழுத்து ஆறு எண்ற வரைக்கும் மெதுவா விடுங்க, உள்ள இழுக்கறதைவிட வெளிய விடறது நீளமா இருந்தா நெஞ்சுத்துடிப்பு கொஞ்சம் இறங்கும். கைல பேனா இருந்தா அவர் சொல்றதை எழுதுங்க, எழுதற ஆளைப் பாத்து கத்தறது கொஞ்சம் கஷ்டம், இதை நான் கண்ணால பாத்திருக்கேன். எழுதி முடிச்சு ஒரே ஒரு வரி, "நோட் பண்ணிக்கிட்டேன் சார், பாத்துட்டு அரை மணி நேரத்துல சொல்றேன்." அதுக்கு மேல வேண்டாம். அழுகை வந்தா வரட்டும், எந்திரிச்சுப் போய் மூஞ்சி கழுவிட்டு தண்ணி குடிச்சுட்டு வாங்க, ஆபீஸ்ல அழுதவங்க யாரும் கொறைஞ்சு போயிடல.

அப்புறம் ஒரு நாள் அவர்கிட்ட நேராவும் பேசணும். எனக்கு இதுக்கு எட்டு மாசம் தைரியம் வரல, முன்னாடியே பேசியிருக்கலாம்னு இப்ப நெனக்கறேன். பிரச்சனை நடந்த அன்னிக்கே பேசாதீங்க, ரெண்டு நாள் விட்டு, அவருக்கு மீட்டிங் இல்லாத நேரமாப் பாத்து பதினஞ்சு நிமிஷம் கேளுங்க. "நீங்க எப்பவுமே என்னைத் திட்டறீங்க"ன்னு ஆரம்பிச்சா அங்கயே முடிஞ்சுது. நோட்டுல இருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கோங்க. "போன வியாழன் எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு சார், தப்பு இருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, உடனே சரி பண்றேன்." நான் சொன்னப்போ அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான்"னாரு. மன்னிப்பு எல்லாம் வரல. ஆனா அதுக்கப்புறம் என்னை ஃப்ளோர்ல வெச்சு பேசறதை ஓரளவு விட்டாரு. உங்க மேனேஜர் மூணாவது ரகம்னா இந்தப் பேச்சு அவருக்கு இன்னும் தீனி போடும், அப்ப தனியாப் போய்ப் பேசறதை விட்டுட்டு எழுத்துலயே போங்க.

ராத்திரிக்கு வருவோம். மேனேஜர் பேசறது ஒரு நாளைக்கு பத்து நிமிஷம்தான், மீதி அஞ்சு மணி நேரம் நாமதான் அவர் குரல்ல நமக்கு நாமே பேசிக்கறோம், அது நடக்கறது பூரா ராத்திரிலதான். ஆன்கால் டியூட்டி, அதாவது ராத்திரி அவசரம்னா நம்மளைக் கூப்பிடற முறை, இருக்கற நாள் வேற, அது யாருக்கு எந்த நாள்னு ரோஸ்டர் இருக்கு. இல்லாத நாள்ல ஆபீஸ் சாட்டோட நோட்டிஃபிகேஷனை ஒன்பது மணிக்கு அணைச்சுடுங்க, "ஏதாவது அவசரம்னா போன் பண்ணுங்க சார்"னு ஒரு தடவை எழுத்துல சொல்லி வெச்சுடுங்க. நான் அப்படிச் சொன்னப்புறம் நாலு மாசத்துல வந்த போன் ரெண்டே ரெண்டு. "இருக்கியா" மெசேஜ் மட்டும் எத்தனை வந்துச்சுன்னு காலைல பாத்து தெரிஞ்சுக்குவேன். படுக்கறதுக்கு முன்னாடி நோட்டை எடுத்து நாளைக்கு முதல் வேலை என்னன்னு ஒரு வரி எழுதிட்டு மூடிடுங்க, மூளை அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டிய அவசியம் போயிடும்.

வீட்டுல சொல்லுங்க. நான் சொல்லல, அம்மா பயந்துடுவாங்கன்னு மறைச்சேன், அவங்களோ நான் தட்டுல சோத்தை வெச்சு அளைஞ்சுக்கிட்டே இருக்கறதைப் பாத்து வேற என்னென்னமோ நெனச்சு ராத்திரி பூரா முழிச்சிருக்காங்க. கடைசில ஒரு நாள் "என்னடி ஆச்சு, எதுவா இருந்தாலும் சொல்லு"ன்னு கையைப் பிடிச்சப்போ எல்லாத்தையும் கொட்டினேன், முழுசாக் கேட்டுட்டு "வேலைதானேடி, வேற பாத்துக்கலாம்"னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது.

உடம்பைக் கவனிங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன் அவுட்டை வேலையால வர்ற ஒரு நிலைன்னு தன்னோட நோய்ப் பட்டியல்ல விளக்கிச் சேர்த்துச்சு, அது தனி நோய் இல்லைன்னும் சொல்லியிருக்கு. அதுக்கு மூணு அடையாளம் சொல்றாங்க: சக்தியே இல்லாம ஓய்ஞ்சு போறது, வேலை மேலயே ஒரு வெறுப்பு வந்து விலகிப் போறது, நம்மால எதையும் ஒழுங்கா செய்ய முடியலைங்கற உணர்வு. இது வாரக்கணக்கா இருந்தா, தூக்கம் போயிட்டா, புடிச்ச விஷயம்கூட புடிக்கலைன்னா டாக்டரைப் பாருங்க, ஜுரத்துக்குப் போற மாதிரி போயிட்டு வாங்க. 2017ல வந்த மனநலச் சட்டம் உடம்புக்கு இருக்கற மாதிரியே மனசுக்கும் இன்சூரன்ஸ் கவர் குடுக்கணும்னு சொல்லுது, உங்க பாலிசில எது எது வரும்னு கேட்டுப் பாருங்க. கைல காசு இல்ல, யார்கிட்டயும் சொல்லவும் முடியலைன்னா 14416க்குப் போன் பண்ணுங்க, மத்திய அரசோட டெலி மானஸ், 2022ல ஆரம்பிச்சது, இலவசம், இருபத்தி நாலு மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். செத்துடலாம்னு ஒரு நெனப்பு ஓரமா எட்டிப் பாத்தாக்கூட இந்தப் பக்கத்தை இங்கயே நிறுத்திட்டு அந்த நம்பருக்குப் போடுங்க, இல்ல பக்கத்துல இருக்கற ஒருத்தரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. வேலை எல்லாம் அப்புறம்.

எச்.ஆர். கிட்ட போகலாமா? போகலாம், ஆனா அவங்க கம்பெனியோட ஆளுங்கறதை மறக்காம போங்க. வெறுங்கையோட போய் "டார்ச்சர் பண்றாரு"ன்னா "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க"ன்னு அனுப்பிடுவாங்க. நோட்டுல இருந்து அஞ்சாறு சம்பவத்தை தேதி, மணி, சாட்சியோட ஒரே பக்கத்துல எழுதி, உங்களுக்கு என்ன வேணும்ங்கறதையும் சேர்த்து, அதாவது வேற டீமா, வேற மேனேஜரா, ரேட்டிங்கை மறுபடி பாக்கறதான்னு எழுதி மெயில்லயே அனுப்புங்க. சும்மா கத்தறது, மட்டம் தட்டறதுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் ஒண்ணு இல்ல, அதனால இங்க உங்க ஆதாரம்தான் பலம். ஆனா மேனேஜர் பேச்சுலயோ நடத்தைலயோ பாலியல் ரீதியா ஏதாவது இருந்தா கதையே வேற, பெண்களுக்கான 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்கற எல்லா ஆபீஸ்லயும் உள் புகார்க் கமிட்டி இருக்கணும், சம்பவம் நடந்த மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், நியாயமான காரணம் இருந்தா கமிட்டி இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். பத்துக்குக் கீழ ஆளுங்க இருக்கற எடம்னா மாவட்ட அளவுல உள்ளூர் கமிட்டி இருக்கு. அதே மாதிரி, திடீர்னு ரூமுக்குக் கூப்பிட்டு "நீயே ரிசைன் பண்ணிடு, இல்லைன்னா டெர்மினேட் பண்ணிடுவோம்"னு சொன்னா அந்த ரூம்லயே கையெழுத்துப் போடாதீங்க, "யோசிச்சு எழுத்துல பதில் தர்றேன்"னு சொல்லிட்டு வெளிய வந்து, விஷயம் தெரிஞ்ச ஒரு வக்கீலையோ யூனியன்காரங்களையோ பாருங்க, ஐ.டி.க்காரங்களுக்கும் சென்னைல யூனியன் இருக்கு.

கடைசியா, வெளிய வர்றது. கோவத்துல பேப்பர் போடாதீங்க. முதல்ல கணக்குப் போடுங்க, வீட்டு வாடகை, ஈ.எம்.ஐ., வீட்டுக்கு அனுப்பற பணம் எல்லாம் சேர்த்து மாசம் எவ்வளவு, கைல எத்தனை மாசத்துக்கு இருக்கு. ஆஃபர் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் அறுபது நாளா தொண்ணூறு நாளா, இத்தனை வருஷம் இருந்தே ஆகணும்னு பாண்ட் ஏதாவது இருக்கான்னு படிங்க. கிராஜுட்டியை, அதாவது பல வருஷம் வேலை பாத்ததுக்கு வெளிய வரும்போது கம்பெனி குடுக்கற தொகையை, மறக்காதீங்க, பர்மனன்ட் ஆளுங்களுக்கு பொதுவா அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் கிடைக்கும், கிராஜுட்டிக்குக் கணக்குல எடுக்கற கடைசி மாசச் சம்பளத்தை (பேசிக், டி.ஏ. மாதிரி) 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து வருஷத்தால பெருக்கணும், அது 30,000னா அஞ்சு வருஷத்துக்கு 86,500 ரூபாய் சுமாரா வரும். எனக்கு நாலு வருஷம் எட்டு மாசம் இருந்தப்ப ரிசைன் லெட்டரை டைப் பண்ணி அனுப்பறதுக்கு கையை வெச்சுட்டேன், அந்த அண்ணாதான் "இன்னும் நாலு மாசம்மா, அதுவரைக்கும் வேற வேலையைத் தேடு"ன்னு நிறுத்தினாரு. தேதி தெரிஞ்சதும் அந்த நாலு மாசம் அவ்வளவு கனமா இல்ல. ஆனா உடம்பு தாங்கலைன்னா 86,500க்காக இருக்காதீங்க, கிளம்பிடுங்க.

வெளிய வரும்போது ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மூணு மாச சம்பள ஸ்லிப் எல்லாம் லாகின் போறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. பி.எஃப்.ல நீங்க விலகின தேதியைக் கம்பெனி போட்டாங்களான்னு பாருங்க, போடலைன்னா ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம். புது எடத்துல இன்டர்வியூல "ஏன் விட்டுட்டு வர்றீங்க"ன்னு கண்டிப்பா கேப்பாங்க, பழைய மேனேஜரைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். நான் சொன்னது இதுதான்: "ஒரே ப்ராஜெக்ட்ல அஞ்சு வருஷம் சப்போர்ட் பண்ணிட்டேன், இப்ப டெவலப்மென்ட் பக்கம் வரணும்னு ஆசை." அதுவும் உண்மைதான். பேசி முடிச்சதும் நானும் ஒரு கேள்வி கேட்டேன், இந்த டீம்ல ராத்திரி ஏதாவது அவசரம்னா யாரை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு. எதிர்ல இருந்தவங்க "ஆன்கால் ரோஸ்டர் இருக்கு, அதுல இல்லாதவங்களைக் கூப்பிடமாட்டோம்"னாங்க. அதை வெளிய வந்ததும் நோட்டுல தேதி போட்டு எழுதிக்கிட்டேன்.